இறக்காத கை

எங்கள் அப்பா காலையில் பள்ளிக்கூடம் தொடங்கும்போது செய்யும் ஜெபம் நீளமானது. அதிகாரத்தில் இருக்கிறவர்கள் எல்லாருக்காகவும் ஜெபிக்க வேண்டும் என்று வேதம் சொல்கிறது என்பார். வேதம் சொன்ன பிறகு ஒருவரையும் விட்டுவிட அவருக்கு மனம் வராது. சமஸ்தானம் இருந்தவரை மகாராஜாவில் தொடங்குவாராம். புதுக்கோட்டை இந்தியாவோடு சேர்ந்த பிறகு டில்லியில் தொடங்கினார். ஆனாலும் பழையவரை ஒரேயடியாகக் கைவிட முடியாமல், முன்பு எங்களை ஆண்டவரையும் நினைத்தருளும் என்று நடுவில் ஒரு வரி சேர்த்துக்கொள்வார். அப்புறம் மந்திரிகள், கலெக்டர், தாசில்தார், மாதம் ஒருமுறை வந்து திருவிருந்து ஆராதனை நடத்திவிட்டுப் போகும் குருவானவர், எங்கள் ஊர்ப் பெரியவீட்டு ஐயா என்று படிப்படியாக இறங்கி, தபால்காரரில் வந்து முடிப்பார். தபால்காரர் எப்போது அதிகாரத்துக்கு வந்தார் என்று அம்மா கேட்டதற்கு, அவரும் காக்கிதானே போட்டிருக்கிறார் என்றார். பிள்ளைகள் நாங்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டு தபால்காரருக்காகக் காத்திருப்போம். அவர் வந்துவிட்டால் அடுத்தது ஆமென்.

எங்கள் தெரு குடுமியான்மலைக்கு மேற்கே, ஒரு கண்மாய்க் கரையை ஒட்டி இருந்தது. தெரு முழுக்கக் கிறிஸ்தவர்கள். மற்றவர்களின் ஊர் கண்மாய்க்கு அந்தப் பக்கம். எங்கள் தெருவுக்கு அப்பாதான் உபதேசியார், பிள்ளைகளுக்கு வாத்தியாரும் அவரே. ஓலை வேய்ந்த ஒரே கொட்டகை ஞாயிற்றுக்கிழமை கோயில், மற்ற நாட்களில் பள்ளிக்கூடம். அந்தக் கொட்டகை நின்ற மண்ணும், எங்கள் வீடுகள் நின்ற மண்ணும், எங்கள் ஆட்கள் பாடுபட்ட வயலும் பெரியவீட்டு ஐயாவுடையவை.

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். எனக்குப் பின் பிறந்த தம்பி காய்ச்சலில் இறந்தபோது பெட்டி செய்யப் பலகை கொடுத்து அனுப்பியவர் அவர்தான். அரண்மனையில் கை கட்டி நின்று மரியாதை செய்து, அங்கே வெற்றிலை பாக்கு வாங்கியவர். சமஸ்தானம் போனதும் அவர் போய் வணங்குவதற்கு ஆள் இல்லாமல் போயிற்று. தாலுகா ஆபீஸ் குமாஸ்தாகூட அவரைக் கண்டு எழுந்திருப்பதில்லை. அதிலிருந்தே மனுஷனுக்கு மனசு சரியில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் கூப்பிட்டுச் சிரிப்பார், மறுநாள் எதிரே வந்தவர் மேலெல்லாம் எரிந்து விழுவார்.

எங்கள் ஆட்கள் அவரை ஆண்டே என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிடுவதற்கு ஒரு முறை இருந்தது. தோளில் கிடக்கும் துண்டு அக்குளுக்குப் போகும், முதுகு வளையும், கண் மண்ணைப் பார்க்கும், பிறகு வாயிலிருந்து அந்தச் சொல் வரும். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. அதற்காக மரியாதை இல்லாமல் நடப்பதும் அவருக்கு ஆகாது. ஆகவே இரண்டுக்கும் நடுவில் ஒன்றைக் கண்டுபிடித்து எங்களுக்குப் பழக்கினார். நிமிர்ந்து நிற்க வேண்டும், கைகூப்ப வேண்டும், முகத்தைப் பார்த்து வணக்கம் ஐயா என்று சொல்ல வேண்டும். இதைப் பழகுவதற்காக ஒரு பிள்ளை அப்பாவின் நாற்காலியில் பெரியவீட்டு ஐயாவாக உட்காரும், மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய் வணக்கம் சொல்வோம். அந்த நாற்காலிக்கு எங்களுக்குள் அடிதடியே நடக்கும்.

தெருப் பெரியவர்களுக்கு இதில் பயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவர் எழுந்து, வேதத்தில் தாவீதே சவுல் ராஜாவை ஆண்டவனே என்றுதானே கூப்பிட்டார், அதுதானே நம் வாயில் தேய்ந்து ஆண்டே ஆகியிருக்கிறது, அதில் என்ன குற்றம் என்று கேட்டுவிட்டார். அதற்கு அப்பா சொன்னார்.

"சொல்லு ஒண்ணுதான். தாவீது தானாச் சொன்னான். நம்மளச் சொல்ல வச்சிருக்காக. அதனாலதான் வேண்டாங்கிறேன்."

அதற்குப் பிறகு எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை எதுவும் ஆண்டே என்று சொன்னதில்லை. பெரியவீட்டு ஐயாவும் எங்கள் வணக்கத்துக்கு மூக்கால் ஒரு உறுமல் உறுமிவிட்டுப் போய்விடுவார். அப்பா அதையே பெரிய வெற்றியாக நினைத்திருந்தார்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது மாமா லீவில் வந்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி. பட்டாளத்தில் இருந்தார். அவர் வந்து இறங்கினாலே வீட்டில் பூட்ஸ் பாலீஷ் வாசனையும் சிகரெட் வாசனையும் வந்துவிடும். சிகரெட்டை அப்பாவுக்குத் தெரியாமல் கொல்லைப்புறம் போய்க் குடிப்பார். தெரியாதது போலவே அப்பாவும் இருப்பார்.

எனக்கு மாமா சல்யூட் அடிக்கக் கற்றுக்கொடுத்தார். குதிகால் இரண்டும் சேர வேண்டும், நெஞ்சு நிமிர வேண்டும், விரல்கள் ஒட்டியிருக்க வேண்டும், எதிரில் நிற்பவர் கண்ணைப் பார்க்க வேண்டும். சின்னவர்தான் முதலில் அடிக்க வேண்டும். ஆனால் எவ்வளவு பெரிய ஆபீசராக இருந்தாலும் திருப்பி அடித்தாக வேண்டும்.

"அவுக திருப்பி அடிக்கிற வரைக்கும் நீ கைய எறக்கப்படாது. அவுகளும் அடிக்காமப் போகப்படாது. ரெண்டு பேருக்கும் அதுதான் சட்டம்" என்றார்.

சட்டம் சரிதானா என்று பார்க்காமல் விடுகிற பிள்ளை இல்லை நான். மாமா பல் தேய்க்கும்போது போய் சல்யூட் அடித்தேன், குளிக்கும்போது அடித்தேன், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அடித்தேன். வாயில் சோறும் விரலில் குழம்புமாக எழுந்து நின்று திருப்பி அடித்தார். ஒருமுறைகூடத் தவறவில்லை. அப்பா இதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். பெரியவரும் கையைத் தூக்க வேண்டும் என்று எவனோ ஒரு நல்லவன்தான் சட்டம் போட்டிருக்கிறான் என்றார். பிறகு அதை அம்மாவிடமும் ஒருதரம் போய்ச் சொன்னார்.

சாயங்காலம் விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம். வேதத்தை நாளுக்கு ஒரு அதிகாரமாக வரிசையாகப் படித்துக்கொண்டே போவது எங்கள் வீட்டு வழக்கம். அந்த வாரம் சவுல் ராஜா தாவீதைக் கொல்வதற்காகத் துரத்திக்கொண்டிருந்தார். தாவீது ஒளிந்திருந்த குகைக்குள்ளேயே ராஜா தனியாக வந்து மாட்டிக்கொள்கிறார். தாவீது அவரைக் கொல்லாமல் அங்கியின் ஓரத்தை மட்டும் அறுத்துக்கொள்கிறான், அதற்கே அவன் மனம் அடித்துக்கொள்கிறது. ராஜா வெளியே போனதும் பின்னாலேயே வந்து, ஆண்டவனே என்று கூப்பிட்டு, தரையில் முகம் படக் குனிந்து வணங்குகிறான். மாமாவுக்கு இது பொறுக்கவில்லை. கையில் சிக்கிய எதிரியை விட்டுவிட்டுக் கும்பிடு போடுகிறவன் என்ன சிப்பாய் என்று கேட்டார். அவனுடைய ராஜா எதிரியானாலும் ராஜாதான், கடவுள் வைத்த இடத்துக்கு அவன் தலை குனிந்தான் என்றார் அப்பா.

"அந்த ராஜா அப்பறம் திருந்துனாரா மச்சான்?"

அழுதார் என்றார் அப்பா. அழுததைக் கேட்கவில்லை, திருந்தினாரா என்று மாமா மறுபடி கேட்டார். அப்பா புத்தகத்தை மூடிக்கொண்டே, அதற்கு இன்னும் இரண்டு அதிகாரம் போக வேண்டும் என்றார். எல்லாரும் சிரித்தோம். அம்மாகூடச் சிரித்தார்.

படுக்கப் போகும் முன் அப்பா மாமாவிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். பெரியவீட்டு ஐயா எதிரே வந்தால் மரியாதை செய்ய வேண்டும், அவர் இடத்தில்தான் நாம் இருக்கிறோம் என்றார். மாமா அதற்கென்ன, செய்தால் போயிற்று என்றார்.

மறுநாள் மாமா பட்டாளத்து ஆபீசில் கையெழுத்துப் போட வேண்டும் என்று முழுக் காக்கியில் புதுக்கோட்டைக்குப் போயிருந்தார். மாலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறவரைக் கூட்டிவர நான் கண்மாய்க் கரைக்கு ஓடினேன். இருவரும் கரைமேல் வந்துகொண்டிருந்தபோது எதிரே மடையைப் பார்த்துவிட்டுப் பெரியவீட்டு ஐயா இரண்டு ஆட்களோடு வந்தார். மாமா அப்பா சொன்னதை மறக்கவில்லை. கரையோரமாக ஒதுங்கி நின்றார். பூட்ஸ் குதிகால் இரண்டும் டக்கென்று சேர்ந்தன. நெஞ்சை நிமிர்த்தி, ஐயாவின் கண்ணை நேராகப் பார்த்து, எனக்கு அதுவரை காட்டாத வேகத்தில் ஒரு சல்யூட் அடித்தார்.

நான் ஐயாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எழும்பவில்லை. ஆட்களில் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவன் யாரைப் பார்த்துச் சிரித்தான் என்று எனக்கு இன்றும் தெரியாது, ஆனால் ஐயா தன்னைப் பார்த்து என்று நினைத்துக்கொண்டார் என்பது மட்டும் தெரியும். அவர் முகம் கறுத்துப் போயிற்று. எங்களைத் தாண்டிப் போனார். அவர் தலை மறைகிற வரைக்கும் மாமா கையை இறக்காமல் நின்றார்.

அந்த சல்யூட்டில் கேலி இருந்ததா என்று பிற்பாடு எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பக்கத்தில் நின்றவள் நான். இல்லை. ஜெனரலுக்கு அடிக்கிற மாதிரி அடித்தேன் என்று மாமா வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பெருமையாகச் சொன்னார். அப்பாவின் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பு அப்படியே நின்றுவிட்டது. பிறகு அவர் தண்ணீர் குடிக்காமலே செம்பைக் கீழே வைத்தார். அன்றைய ஜெபத்தில் படித்த அதிகாரத்தில் அவர் மனம் நிற்கவில்லை.

மறுநாள் காலை பெரியவீட்டு ஆட்கள் வயல்வரப்பில் வைத்து மாமாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடத்தில் ஜெபம் தாசில்தார் வரைக்கும் வந்திருந்தது. அம்மா தலைவிரி கோலமாக ஓடிவந்து வாசலில் நின்றார். அப்பா ஜெபத்தைப் பாதியில் விட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். அம்மா என் கையைப் பிடித்து இழுத்து அப்பாவின் கையில் கொடுத்தார்.

"பிள்ளையக் கையில பிடிச்சுக்கிட்டுப் போங்க. பொட்டப்பிள்ளையப் பாத்தாவாவது ஒங்கள அடிக்க மாட்டாக" என்றார்.

பெரியவீட்டுக்குப் பின்னால் மாட்டுத் தொழுவம். அங்கே ஒரு கல்தூணில் மாமாவைக் கட்டியிருந்தார்கள். பூட்ஸ் இரண்டையும் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். உதடு கிழிந்திருந்தது. எங்கள் தெரு ஆட்கள் எட்டத்தில், வைக்கோல்போருக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். பெரியவீட்டு ஐயா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மாமா சிரிக்கப் பார்த்தார், உதடு விடவில்லை.

அப்பா எங்களுக்குப் பழக்கிய அதே முறையில் நிமிர்ந்து நின்று, கைகூப்பி, வணக்கம் ஐயா என்றார். பட்டாளத்தில் மிகப் பெரிய ஆபீசருக்குச் செய்யும் மரியாதை அது, நான்தான் ஐயாவுக்கு மரியாதை செய்யச் சொல்லியிருந்தேன், குற்றம் இருந்தால் என்னுடையது என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். நல்ல வாத்தியார் அவர். எனக்குப் புரியும்படியே எல்லாவற்றையும் சொன்னார். ஐயாவுக்கும் புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ராஜாவின் முன்னால் தான் நின்றபோதுகூட ஒருநாளும் நிமிர்ந்து கண்ணைப் பார்த்ததில்லை என்று அவர் மெதுவாகச் சொன்னார். கோபத்தோடு சொன்னதாகத் தெரியவில்லை, யாரோ தன்னிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டு போனது போலச் சொன்னார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"பட்டாளத்து மரியாதை எனக்கு வேணாம் வாத்தியாரே. இந்த ஊரு மரியாதை என்னன்னு ஒம்ம மச்சினனுக்குத் தெரியல. சொல்லிக்குடுக்கிற ஆளுதானே நீரு. செஞ்சு காட்டும்."

அப்பா என் கையை விட்டார். சட்டையைக் கழற்றினார். அதை நாலாக மடித்து என்னிடம் கொடுத்தார். துண்டை எடுத்து அக்குளில் இடுக்கினார். முதுகு வளைந்தது, முழங்கால் மடங்கியது, கண் மண்ணுக்குப் போயிற்று. ஆண்டே என்றார். பிறகு அப்படியே மண்ணில் விழுந்து, நெற்றி தரையில் படக் கிடந்து, மறுபடியும் ஆண்டே என்றார். அதில் ஒரு பிழையும் இல்லை. தெருப் பெரியவர்கள் செய்வதில்கூட அங்கங்கே கொஞ்சம் குறையும், இவர் ஒன்றையும் குறைக்கவில்லை. இதை இவர் எங்கே கற்றார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்பாவும் ஒரு காலத்தில் சின்னப் பையனாக இந்தத் தொழுவத்தில் நின்றிருப்பார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"எந்திரிங்க மச்சான்" என்றார் மாமா. அதுவரைக்கும் ஒரு சத்தம் போடாதவர். "என்னைய என்ன வேணாலும் பண்ணட்டும். நீங்க எந்திரிங்க."

அப்பா எழுந்திருக்கவில்லை. பெரியவீட்டு ஐயா அவருடைய முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவிழ்த்து விடுங்கடா என்று கையால் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். வேண்டியதை வாங்கிக்கொண்டு போகிறவர் நடையாக அது இல்லை.

திரும்பி வரும்போது மாமா பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வெறுங்காலோடு நடந்தார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவின் மூக்கு நுனியில் மண் ஒட்டியிருந்தது. நான் சொன்னேன், துடைத்துக்கொண்டார். சட்டையை நீட்டினேன், நீயே வைத்திரு என்றார். எனக்கு அப்பாவோடு நடந்து வரவே வெட்கமாக இருந்தது. மூன்று வருஷமாக எங்களைச் சொல்லக் கூடாது என்று தடுத்த சொல்லை, தெருவே பார்த்திருக்க, இரண்டு தடவை சொல்லிவிட்டாரே, இனி எந்த முகத்தோடு அந்த நாற்காலியில் உட்காருவார் என்று எனக்குக் கோபமான கோபம். மாமாவைப் போல நாமும் பட்டாளத்துக்குப் போய்விட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

அன்றைக்கும் விளக்கு வைத்தார்கள். அன்றைக்கும் குடும்ப ஜெபம் நடந்தது. மாமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வரிசைப்படி வந்த அதிகாரத்தில் சவுல் ராஜா திருந்தவில்லை, மறுபடியும் தாவீதைத் துரத்திக்கொண்டு வந்திருந்தார். தாவீது மறுபடியும் அவரைக் கொல்லாமல், தூங்குகிறவரின் தலைமாட்டிலிருந்த ஈட்டியையும் தண்ணீர்ச் செம்பையும் மட்டும் எடுத்துக்கொண்டு போய், தூரத்து மலைமேல் நின்று கூப்பிடுகிறான். அப்பா நிதானமாகப் படித்துக்கொண்டே வந்தவர், தாவீது ராஜாவைக் கூப்பிடுகிற இடத்தில் நின்றுவிட்டார். கண் எழுத்தின் மேல்தான் இருந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

யாராவது ஒப்பிக்கும்போது தடுமாறினால் அடுத்த சொல்லை எடுத்துக்கொடுப்பது எனக்கு அந்த வயதிலேயே வழக்கம். சிம்னி கரி பிடித்துப்போய் எழுத்துத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். திரியைத் தூண்டிவிட்டு, பள்ளிக்கூடத்துக் குரலில், "ஆண்டவனே" என்று எடுத்துக்கொடுத்தேன்.

அப்பா ஆமாம் என்று தலையசைத்துவிட்டு மேலே படித்தார். மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

வீட்டு ஜெபமும் பள்ளிக்கூடத்து ஜெபம் போலவே டில்லியில் தொடங்கி இறங்கி வந்தது. பெரியவீட்டு ஐயா வரவேண்டிய இடத்தில் அப்பா மூச்சு வாங்கினார். விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். விடவில்லை. அவருடைய வீட்டையும், அவருடைய முழங்கால் வலியையும், அவருடைய மனசையும் சொல்லி ஜெபித்துவிட்டுத்தான் தபால்காரரிடம் போனார். நான் ஆமென் சொன்னேன். அம்மா சொல்லவில்லை.

பிறகு அப்பா வெளியே போனார். கொல்லையில் மாமா ஒளிக்காமலே சிகரெட் குடித்துக்கொண்டிருந்தார். மாமாவின் குரல் மட்டும் எனக்குக் கேட்டது.

"எனக்காகத்தான் செஞ்சீங்க மச்சான். தெரியாம இல்ல. அதுதான் என்னால தாங்க முடியல."

லீவு முடிய இன்னும் நாள் இருந்தது. மாமா மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். அதன் பிறகு அவர் எங்கள் ஊருக்கு வரவே இல்லை. அம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால் திருச்சி ஜங்ஷனுக்கு வரச் சொல்லுவார், ரயில் நிற்கிற நேரம் வரைக்கும் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வருவார். அப்பாவும் கூடப் போவார், ஆனால் பிளாட்பாரத்துக்கு வரமாட்டார், வெளியிலேயே நிற்பார். அம்மா இரண்டு பேரையும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அப்பாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பள்ளிக்கூட ஜெபம் தபால்காரரோடு முடிவது நின்றுபோய், பட்டாளத்தில் இருக்கும் பிள்ளைகள் என்று ஒன்று சேர்ந்துகொண்டது. ஆமென் இன்னும் தள்ளிப்போனதில் பிள்ளைகளுக்கு வருத்தம்தான்.

சில வருஷம் கழித்து வடக்கே பனிமலைப் பக்கம் சண்டை வந்தது. தந்தியை அந்தத் தபால்காரர்தான் கொண்டுவந்தார். மாமாவின் உடம்புகூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் ஜெபம் செய்யும்போது அப்பா பழக்கத்தில் பட்டாளத்தில் இருக்கும் பிள்ளைகள் என்று தொடங்கிவிட்டார். தொடங்கியவர் முடிக்க முடியாமல் நின்றார். அன்றைக்கு நான் எடுத்துக்கொடுக்கவில்லை.

மாமா ஊரைவிட்டுப் போன காலையைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன்.

யாரும் கூட வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் மாமா புறப்பட்டார். அம்மா கட்டிய சோற்றுப் பொட்டலத்தை எடுக்காமல் போய்விட்டதால், அதைச் சாக்காக வைத்து அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். மாமா முழுக் காக்கியில் இருந்தார். ஆனால் ஊர்த்தெருவைக் கடக்கும்வரை பூட்ஸைக் கையில்தான் வைத்திருந்தார், எங்கள் தெரு ஆட்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போவார்களே, அதைப் போலவே. பெரிய ரோட்டுக்குப் போன பிறகு மைல்கல்லில் உட்கார்ந்து அதைப் போட்டுக் கயிற்றை இறுக்கிக் கட்டினார். நான் பொட்டலத்தைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என் கன்னத்தைத் தட்டினார். அப்பா கொஞ்சம் தள்ளியே நின்றார்.

பஸ் வந்தது. நான் குதிகால் சேர்த்து நின்று சல்யூட் அடித்தேன். மாமா படியில் கால் வைத்தவர் இறங்கி, நேராக நின்று, எனக்குத் திருப்பி அடித்துவிட்டு ஏறினார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

பஸ் நகர்ந்தபோது அப்பாவின் வலது கை மெதுவாக நெற்றிக்குப் போயிற்று. விரல்கள் ஒட்டவில்லை, முழங்கை தொய்ந்திருந்தது. மாமா ஜன்னல் வழியாக அவரையே பார்த்தார். இரண்டு கையாலும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தார், அதிலிருந்து கையை எடுக்கவில்லை. பஸ் கண்மாய் வளைவில் திரும்பி மறைந்தது. புழுதி அடங்கியது. அப்பாவின் கை நெற்றியிலேயே இருந்தது.

"கண்ணு கூசுதாப்பா?" என்று கேட்டேன்.

"ஆமாத்தா" என்றார்.

கிழக்கே அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. சூரியன் வரவில்லை. அப்பா கையை இறக்காததைப் பார்த்து நானும் அவரைப் போலவே நெற்றிக்கு மேலே கையை வைத்து, இல்லாத வெயிலை மறைத்துக்கொண்டு, ஆளில்லாத ரோட்டைப் பார்த்தபடி அவர் பக்கத்தில் நின்றேன்.